உருட்டியின் நெற்றி

விமலா தன் நாற்பத்தாறு வயதுக்குள் ஆபீஸ்காரர்களிடம் எத்தனையோ சொல்லிப் பார்த்திருக்கிறாள். லயத்து வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்றாள். லாரி நேரத்துக்கு வருவதில்லை என்றாள். கையுறை மூன்றாம் நாளே கிழிந்துவிடுகிறது என்றாள். எல்லாவற்றையும் அவர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். தலையாட்டுவதில் ஆபீஸ்காரர்களை மிஞ்ச ஆளில்லை. கூரை மட்டும் ஒழுகிக்கொண்டே இருந்தது.

ஆனால் இந்த வருடம் பிப்ரவரி மாதம் அவள் ஒரு சொல் சொன்னாள், மறுநாள் காலை அது பொருளாக வந்து அவள் கையில் நின்றது. அந்த ஒரு நாளை அவள் இன்னும் மறக்கவில்லை. தன் கல்யாண நாளைக்கூட அவ்வளவு துல்லியமாகச் சொல்ல மாட்டாள்.

மலேசியாவில் பகாவுக்கு அடுத்த செம்பனைத் தோட்டத்தில் அவளுக்கு உதிரிப்பழம் பொறுக்கும் வேலை. ஆண்கள் உயரத்துக் குலைகளை வெட்டித் தள்ளுவார்கள். குலை தரையில் மோதும்போது பழுத்த பழங்கள் தெறித்து நாலாபக்கமும் ஓடும். அந்தப் பழத்தில்தான் எண்ணெய் அதிகம், விட்டுவிட முடியாது. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாக்கில் போட வேண்டும். இருபத்திரண்டு வருடமாகக் குனிந்தவள் விமலா. வீட்டுக்குப் போய் நிமிர்ந்தால் முதுகு சத்தம் போடும்.

இதற்கு இயந்திரம் கண்டுபிடிக்கிறோம் என்று முன்பும் ஒரு கம்பெனி வந்திருக்கிறது. இரண்டு வருடம் உழைத்துச் செய்தார்களாம். முதுகில் மாட்டிக்கொண்டு பழத்தை உறிஞ்ச வேண்டும், கனம் பதினோரு கிலோ. மாலை போட்டு, பிஸ்கட் கொடுத்து, படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அதை மாட்டிக்கொள்ளப் போகும் பெண்ணின் முதுகு எப்படி இருக்கிறது என்று அந்த இரண்டு வருடத்தில் ஒருவனும் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது அது ஸ்டோரில் கிடக்கிறது. எலி குட்டி போட்டிருக்கிறது.

அதனால் செனவாங் கம்பெனி ஒன்றிலிருந்து யோகேந்திரன் என்ற இன்ஜினியர் வந்தபோது விமலா அவனை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. முப்பத்தொரு வயது, டவுன்பக்கம் அம்பாங்கானில் வீடு, தோட்டத்துச் சேற்றுக்குக் கொஞ்சமும் ஒத்துவராத வெள்ளைச் சப்பாத்து. ஒரு கம்பிக்கூண்டையும் ஆறு விதமான கைப்பிடிகளையும் காரிலிருந்து இறக்கினான். கூண்டைத் தரையில் உருட்டினால் கம்பிகள் விலகிப் பழம் உள்ளே போய்விடும், வெளியே வராது. குனியவே வேண்டாம்.

"எந்தக் கைப்பிடி நல்லாருக்குனு சொல்லுங்கக்கா" என்றான்.

"ஒன்னும் நல்லால்ல. எல்லாம் மணிக்கட்டப் போட்டு இழுக்குது. இங்க கொஞ்சம் வளைஞ்சிருந்தா தேவல."

அவன் தலையாட்டவில்லை. போனில் அவள் கையைப் படம் பிடித்தான், அவள் விரல் காட்டிய இடத்தைக் குறித்துக்கொண்டான், போய்விட்டான். மறுநாள் காலை ஏழு மணிக்குப் பேர் கூப்பிடும் பெரட்டு கலைந்து, மண்டோர் என்கிற மேஸ்திரி ஆள் பிரித்துவிடும் நேரத்தில், அதே வெள்ளைச் சப்பாத்து வந்து நின்றது. கையில் வளைந்த கைப்பிடி. ராத்திரி கம்ப்யூட்டரில் வளைத்து, ஒரு மெஷினில் பிளாஸ்டிக்காக அச்சடித்து எடுத்து வந்தானாம். விமலா பிடித்துப் பார்த்தாள். அவள் கைக்காகவே செய்த மாதிரி இருந்தது. அவள் கைக்காகத்தான் செய்திருந்தான்.

அன்றைக்கு அவள் நெஞ்சு நிமிர்ந்தது, முதுகு நிமிர்வதற்கு முன்பே.

அதற்குப் பிறகு கேட்கவா வேண்டும். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் போனில் பேசி அனுப்புவாள். "தம்பி, கூண்டு நெறஞ்சா தூக்கிக் குலுக்க முடியல, தோள்பட்ட போவுது" என்று ஒரு நாள் சொன்னாள். நான்கு நாளில் காலால் மிதித்தால் கூண்டு வாயைத் திறந்து சாக்கில் கொட்டும்படி வந்துவிட்டது. செனவாங் கம்ப்யூட்டருக்குள் இன்னொரு உருட்டி இருக்கிறதாம். மழை, கல், சேறு, சரிவு எல்லாவற்றையும் அங்கேயே காட்டிப் பார்ப்பார்களாம். இரும்பு ஒரு கிராம்கூட வீணாகாமல் நாற்பது உருட்டிகள் அந்தத் திரைக்குள்ளேயே உடைந்து செத்துவிட்டதாக யோகேந்திரன் சொன்னான். உருட்டி என்று பெயர் வைத்தது விமலாதான். கம்பெனி வைத்த பெயர் நீளமாக இருந்தது, யாருக்கும் வாயில் நுழையவில்லை.

அக்டோபர் மாதத்தில் போட்டி இரண்டு மாதிரிகளுக்கு நடுவில் வந்து நின்றது. ஆறாம் மாதிரி கம்ப்யூட்டர் தானாகக் கணக்குப் போட்டுக் கொடுத்தது. நீளக் கைப்பிடி, பெரிய கூண்டு. அது புனிதாவின் கையில் இருந்தது. புனிதா விமலாவுக்குப் பக்கத்து மர நிரையில் பழம் பொறுக்குபவள், இருபது வருடத் தோழி. ஏழாம் மாதிரி விமலா சொல்லிச் சொல்லி வளர்ந்தது. இரண்டின் முகப்பிலும் சின்னதாக ஒரு பெட்டி, பெட்டியின் நடுவில் வட்டமாக ஒரு கறுப்புக் கண்ணாடி. அது காமிரா. உள்ளே போகும் பழத்தை ஒவ்வொன்றாக எண்ணி, இடுப்பில் கட்டிய போன் வழியாகச் செனவாங்குக்கு அனுப்பிவிடும். எண்ணிக்கை அங்கே பெரிய திரையில் தெரியும். எது ஜெயிக்கிறதோ அதற்குத்தான் எஃகு அச்சு வெட்டுவார்கள். அச்சு வெட்டிவிட்டால் அப்புறம் மாற்ற முடியாது, ஆயிரக்கணக்கில் அதுதான் வெளியே போகும். தோற்றது திரைக்குள் செத்த நாற்பதோடு சேர வேண்டியதுதான்.

திங்கட்கிழமை முடிவு. அதற்கு முந்திய புதன்கிழமை ஆயுத பூஜை.

ஆயுத பூஜைக்குத் தோட்டத்தில் விடுபடுகிற சாமான் எதுவும் கிடையாது. டிராக்டர், லாரி, அரிவாள், தள்ளுவண்டி, மண்டோர் சுகுமாறனின் மோட்டார் சைக்கிள் என்று எல்லாம் கழுவிக் கோயில் முன்னால் வரிசையில் நிற்கும். விமலா உருட்டியைப் பல் துலக்கும் பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவினாள். கம்பிக்குக் கம்பி துடைத்தாள். கைப்பிடியில் பூச் சுற்றினாள். சந்தனம் வைக்கப் போகும்போது ஒரு நிமிடம் யோசித்தாள். டிராக்டருக்கு முகம் உண்டு, மோட்டாருக்கு விளக்கு உண்டு. இதற்கு நெற்றி எது? பெட்டியின் நடுவில் அந்தக் கறுப்பு வட்டம் பளபளவென்று இருந்தது. நெற்றி என்று வேறு எதைச் சொல்ல? மோதிர விரலால் சந்தனத்தைக் கனமாக வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தாள். கற்பூர வெளிச்சத்தில் உருட்டி அத்தனை லட்சணமாக இருந்தது. "நீதான் ஜெயிக்கணும்" என்று அதனிடம் சொல்லியும் வைத்தாள்.

சர்ச்சுக்குப் போகிற புனிதா சுண்டலை மட்டும் வாங்கிக்கொண்டாள். அவளுடைய உருட்டி பொட்டில்லாமல் வீட்டில் இருந்தது.

பூஜைக்கு வைத்த பொட்டைக் கையால் துடைப்பது விமலா வீட்டில் வழக்கமில்லை. அது தானாக உதிர வேண்டும். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் அவள் அந்தப் பொட்டோடுதான் உருட்டினாள். மழையும் இல்லை. சனிக்கிழமை மாலை யோகேந்திரன் போன் அடித்தான்.

"அக்கா, ஒன்னு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. மூனு நாளா உருட்டிய எடுக்கலயா?"

"யாரு சொன்னா? நேத்து மட்டும் பதினோரு சாக்கு லா தம்பி. பேசி அனுப்புனேனே, கேக்கலயா?"

"கேட்டேங்கா. ஆனா ஸ்க்ரீன்ல சைபர்தான் காட்டுது. ஒரு பழம்கூட உள்ள போகல."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

அந்தப் பக்கம் சத்தம் இல்லை. ஒரு மனிதன் இல்லை என்று உடனே சொல்ல வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று விமலாவுக்குத் தெரியாதா?

"நான் அப்படிச் சொல்லலக்கா. சிஸ்டம் ஏழாம் மாதிரிய சிவப்புல போட்டிருச்சு. ஆள் அத வேணாம்னு ஒதுக்கிட்டாங்கன்னு எடுத்துக்கிருச்சு. எங்க மேனேஜர் புவான் திங்கக்கெழம பத்து மணிக்கு அதப் பாத்துத்தான் முடிவெடுப்பாங்க."

போனை வைத்ததும் அவளுக்கு முதலில் அழுகை வந்தது, பிறகு கோபம். கோபம் வந்தது நல்லதாகப் போயிற்று. இருபத்திரண்டு வருடத்தில் அவள் பொறுக்காத பழத்தைப் பொறுக்கியதாகச் சொன்னதில்லை. இப்போது ஒரு திரை அவளைப் பொய்க்காரி என்கிறது, எட்டு மாதமாக அவள் வாய்ச்சொல்லைக் கேட்டவனும் அந்தத் திரையைத்தான் நம்புகிறான்.

புனிதாவிடம் சொன்னாள். "ஏன்டி, உன்னோடதுதான் ஜெயிக்கப் போவுது. சந்தோசப்படு."

"அந்த மாட்டுவண்டிய நீயே வெச்சுக்க" என்றாள் புனிதா. "நெறஞ்சதும் தூக்கறதுக்குள்ள எனக்கு உசுரு போவுது. அத ஆயிரம் செஞ்சு ஆயிரம் பொம்பளைங்க கையில குடுக்கப் போறாங்களா? கெளம்புடி, நானும் வர்றேன்."

திங்கட்கிழமை விடியலில் மண்டோரிடம் சொல்லிவிட்டு இருவரும் பகாவில் பஸ் ஏறினார்கள். ஒருத்தி கையில் கைலியில் சுற்றிய உருட்டி, இன்னொருத்தி கையில் அரைச்சாக்கு உதிரிப்பழம். கண்டக்டர் இல்லாத பஸ் என்பதால் டிரைவர்தான் முறைத்தார். புனிதா அதைவிடப் பலமாக முறைத்தாள், அவர் ரோட்டைப் பார்க்கப் போய்விட்டார். சிரம்பானில் இறங்கி, சாக்கை ஏற்ற மாட்டேன் என்ற இரண்டு டாக்சிகளை விட்டு மூன்றாவதில் ஏறி, செனவாங் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தே கால்.

கூட்ட அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். சுவர் முழுக்கத் திரை. அதில் இரண்டு கோடுகள். ஒன்று பச்சையில் மேலே போய்க்கொண்டிருந்தது. இன்னொன்று சிவப்பில் புதன்கிழமையோடு தரையில் விழுந்து அப்படியே படுத்திருந்தது. அது தன்னுடையது என்று யாரும் விமலாவுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. யோகேந்திரன் எழுந்து நின்றான். மேசையின் தலைமாட்டில் இருந்த புவான் ரோஸ்னா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

விமலா வணக்கம் சொன்னாள். பிறகு மலாய் மொழியில் சொன்னாள்: "நான் பொய் சொல்லவில்லை, புவான். நீங்களே பாருங்கள்."

சொல்லிவிட்டுச் சாக்கை அவிழ்த்து அந்தச் சாம்பல் நிறக் கம்பளத்தில் கொட்டினாள். எண்ணெய்ப் பளபளப்போடு பழங்கள் நாற்காலிக் கால்களுக்கு நடுவில் ஓடின. ஒருவர் காலைத் தூக்கிக்கொண்டார். விமலா உருட்டியை இறக்கி, போனை இடுப்பில் கட்டி, மேசையைச் சுற்றி உருட்டினாள். ஒரு சுற்றில் கூண்டு பாதி நிறைந்தது. எல்லாரும் திரையைப் பார்த்தார்கள்.

சைபர்.

இன்னொரு சுற்று உருட்டினாள். கூண்டு நிறைந்தது. திரை அசையவே இல்லை. கண்ணெதிரே கூண்டு நிறையப் பழம், சுவரில் சைபர். யோகேந்திரன் மண்டியிட்டு உருட்டியின் முகத்துக்கு நேராகக் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை.

"அக்கா" என்றான் மெதுவாக. "ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சீங்களா?"

விமலா பார்த்தாள். கறுப்புக் கண்ணாடி முழுதும் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். கண்ணை மூடிவிட்டு எண்ணு என்றால் எது எண்ணும்? அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. மூன்று நாள் உழைத்த உழைப்பைத் தன் கையாலேயே மூடி வைத்துவிட்டு, பஸ் ஏறி வந்து சண்டை போட்டிருக்கிறாள். கம்பளத்தை வேறு பாழாக்கியாயிற்று. திரும்பிப் போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது.

புனிதாதான் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மேசையைக் காட்டினாள். யோகேந்திரனின் லாப்டாப் மூடியில் கம்பெனிச் சின்னத்துக்குச் சற்று மேலே காய்ந்த சந்தனமும் குங்குமமும் இருந்தன.

"உங்கம்மா வெச்சாங்களா தம்பி?"

"நான்தான் வெச்சேன்" என்றான் அவன். முகம் சிவந்துவிட்டது. எழுந்து நின்று எல்லாருக்கும் கேட்கும்படி மலாயில் சொன்னான். "தப்பு இவருடையது இல்லை, புவான். என்னுடையது. நானும் பூஜை செய்கிறவன்தான். சேறு, மழை, ஓலை, பூச்சி என்று கம்ப்யூட்டரில் நாற்பது விதமாகச் சோதித்தேன். பொட்டு வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும், இங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனாலும் பொட்டு வைக்கும் இடத்திலேயே கண்ணை வைத்தேன். இவர் சொல்லைவிட்டுத் திரையை நம்பியதும் நான்தான்."

அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் விமலாவுக்குக் கண் நிறைந்தது. தோட்டத்தில் ஆபீஸ்காரன் தப்பு என்னுடையது என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை.

புவான் ரோஸ்னா அவளிடம் வந்தார். துடைக்கலாமா என்று கேட்டார். அவராகத் துடைக்கவில்லை, கேட்டார். விமலா தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, நுனியைத் தண்ணீரில் நனைத்து, மெல்லத் துடைத்து, துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். புனிதா கூண்டைக் கொட்டிப் பழங்களை மறுபடி பரப்பினாள். விமலா உருட்டினாள்.

ஒன்று, நான்கு, ஒன்பது, இருபது. திரையில் எண்கள் ஓடத் தொடங்கின. காலைத் தூக்கி வைத்திருந்தவர் கைதட்டினார். கால் பெடலை விமலா மிதித்தாள், கூண்டு வாய் திறந்து சாக்குக்குள் சரசரவென்று கொட்டியது. புனிதா ஆறாம் மாதிரியின் பெரிய கூண்டை எப்படித் தலைக்கு மேல் தூக்கிக் குலுக்க வேண்டும் என்று வெறுங்கையால் நடித்துக் காட்டி, முகத்தையும் கோணிக் காட்டினாள். அந்த முகம் திரையின் எந்தக் கோட்டிலும் வந்திருக்கவில்லை.

"இன்றைக்கு முடிவு இல்லை" என்றார் புவான். "இன்னும் இரண்டு வாரம் சரியாக எண்ணிப் பார்ப்போம். வேறு என்ன மாற்ற வேண்டும், விமலா?"

பெயர் சொல்லிக் கேட்டார். விமலா யோசிக்கவில்லை, சனிக்கிழமையிலிருந்து அது நாக்கு நுனியில் இருந்தது.

"நான் பொறுக்குகிற பழத்தை நீங்கள் மட்டும் இங்கே பார்க்கிறீர்கள், புவான். என்னால் பார்க்க முடியவில்லை. எனக்கும் தெரிந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பேனே."

யோகேந்திரன் அதை எழுதிக்கொண்டான். அவன் எழுதிக்கொண்டால் நடக்கும் என்று விமலாவுக்குத் தெரியும்.

இரண்டு வாரம் எண்ணினார்கள். ஏழாம் மாதிரி ஜெயித்தது, கொஞ்ச நஞ்சத்தில் அல்ல. மூன்றாம் வாரம், அச்சு வெட்டுவதற்கு முன்னால் கடைசியாகச் சரி பார்க்க, யோகேந்திரன் ஏழாம் மாதிரியைத் திருத்திச் செய்த எட்டாம் மாதிரியோடு காலைப் பெரட்டுக்கு வந்தான். சப்பாத்து இப்போது கறுப்பு ரப்பர். ஆள் தேறிவிட்டான்.

விமலா உருட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கைப்பிடியின் மேலே, அவள் கண்ணுக்கு நேராக, எண் காட்டும் சின்னக் கண்ணாடி. காமிரா பெட்டியின் அடியில் ஒரு விளிம்புக்குள் ஒளிந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தது. முகப்பில், முன்பு கறுப்பு வட்டம் இருந்த இடத்தில், லேசாக வட்டக் குழி ஒன்று. அதில் ஆணி இல்லை, ஒயர் இல்லை, எதுவுமே இல்லை.

"இது எதுக்கு தம்பி? சும்மா ஒரு குழி?"

அவன் போனில் உருட்டியின் படத்தைத் திறந்து காட்டினான். ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு கோடு போட்டுப் பெயர் எழுதியிருந்தது. கைப்பிடி, கூண்டு, பெடல், ஸ்பிரிங். அந்தக் குழிக்கும் ஒரு கோடு. புவான் ரோஸ்னா தானே எழுதினாராம், மலாயில்: பொட்டு வைக்கும் இடம்.

"எல்லா உருட்டியிலயும் இருக்குமா?"

"ஆயிரத்துலயும் இருக்கும்கா. எஃகு அச்சிலயே வெட்டப் போறோம்."

விமலா பக்கத்துக் கோயிலுக்குப் போய் வாழையிலைத் துண்டில் சந்தனமும் குங்குமமும் வாங்கி வந்தாள். மோதிர விரலை அந்தக் குழியில் வைத்தாள், விரல் கச்சிதமாக உட்கார்ந்தது. அவள் விரலைத்தான் அளந்திருக்கிறார்கள் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

"எனக்கு ஒரு சிலுவை போட்டுக் குடுக்கச் சொல்லுடி" என்றாள் புனிதா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

நிரைக்குப் போனார்கள். முதல் மரத்தடியில் பழங்கள் சிதறிக் கிடந்தன. விமலா நிமிர்ந்து நின்றபடி ஒரே ஒரு பழத்தின் மேல் உருட்டினாள். கைப்பிடிக் கண்ணாடியில் ஒன்று என்று வந்தது. அதைப் புனிதாவிடம் காட்டினாள், ஓடிப்போய் மண்டோரிடம் காட்டினாள், செய்தவனிடமே கொண்டுபோய்க் காட்டினாள். அதற்குப் பிறகுதான் இரண்டாவது பழத்துக்குப் போனாள்.